படிக்கல் மாறும் தராசு: கேபிள் டெஸ்டரும் ஃபர்ம்வேரும்

பலசரக்குக் கடைத் தராசைப் பாருங்கள். முத்திரை ஆய்வாளர் வந்து சோதித்து முத்திரை குத்திவிட்டுப் போனால் அதோடு சரி. கிலோ என்பது தென்காசியிலும் கிலோதான், டோக்கியோவிலும் கிலோதான், அடுத்த வருஷமும் கிலோதான். வீசை, பலம் எல்லாம் போய்க் கிலோ வந்தது 1958 அக்டோபரில் தொடங்கி 1962 வாக்கில் முடிந்துபோன மாற்றம். ஒரு வியாபாரியின் ஆயுளில் ஒரே ஒரு முறை படிக்கல் மாறியது. அவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு ஒருமுறை படிக்கல்லே மாறுகிற தராசு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் கேபிள் டெஸ்டர். கம்ப்யூட்டர் நெட்வொர்க் கேபிளின் ஒரு முனையில் ஒரு பெட்டி, மறுமுனையில் இன்னொரு பெட்டி. பட்டனை அழுத்தினால் சில நொடிகளில் 'பாஸ்' அல்லது 'ஃபெயில்' என்று வரும். கேபிள் இழுத்தவருக்குப் பில் பாஸாகுமா, சுவரைத் திரும்ப உடைக்க வேண்டுமா என்பதை அந்த ஒரு சொல் முடிவு செய்துவிடும். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பது கருவிக்குள் பதிந்து கிடக்கும் மென்பொருளில் இருக்கிறது. அதற்கு ஃபர்ம்வேர் என்று பெயர். தமிழில் நிலைப்பொருள் என்கிறார்கள். பெயர்தான் நிலைப்பொருளே தவிர, அது நிலையாக இருப்பதே இல்லை :-)

அளக்கிற கருவிக்கு எதற்கு அப்டேட்? ஏற்கெனவே பாஸான கேபிள் அப்டேட்டுக்குப் பிறகு ஃபெயிலானால் காசு யாருடையது? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தேடினால் நூறு வருடத்துக்கும் மேல் பின்னால் போக வேண்டியிருக்கிறது. தென்காசியில் இருந்தே ஆரம்பிக்கலாம். கம்பியைச் சோதிக்கும் வேலை இந்த ஊருக்குப் புதிதல்ல.

சாரலும் தந்திக் கம்பியும்

கல்லிடைக்குறிச்சியில் இருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டை வரை ரயில் ஓடத் தொடங்கியது 1903 ஆகஸ்டில். அடுத்த ஆண்டு நவம்பரில் பாதை மலையைக் குடைந்து புனலூருக்கும் போய்விட்டது. அந்தக் காலத்தில் ரயில் பாதை என்றாலே பக்கத்தில் வரிசையாகக் கம்பமும் கம்பியும்தான். அடுத்த ஸ்டேஷனிடம் 'லைன் கிளியர்' வாங்காமல் ஒற்றைப் பாதையில் வண்டியை விட முடியாது. கம்பி அறுந்தால் வண்டி நிற்கும்.

இந்தியாவில் தந்திக்கு அப்போதே அரை நூற்றாண்டு வயது. வில்லியம் ஓ'ஷாக்னெஸி என்ற டாக்டர் 1839-லேயே கல்கத்தாவில் கம்பி கட்டிச் சோதனை செய்து பார்த்தார். 1855-ல் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், மதராஸ் எல்லாம் கம்பியால் இணைந்து பொதுமக்களும் தந்தி அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். (மருத்துவம் படித்தவர் தந்தித் துறைக்குத் தலைவரானது தனிக்கதை. இன்ஜினியரிங் படித்துவிட்டு பேங்க் வேலைக்குப் போவது நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம்.)

குற்றாலத்துச் சாரல் நமக்கு சுகம். கம்பிக்கு அது எமன். ஜூனில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஈரக்காற்று இறங்க ஆரம்பித்தால் கம்பத்தின் உச்சியில் இருக்கும் பீங்கான் குமிழ்கள் நாள் முழுக்க நனைந்தபடியே இருக்கும். அழுக்கும் ஈரமும் சேர்ந்த அந்தப் பரப்பு வழியாக மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்குள் கசியும். மறுமுனைக்குப் போய்ச் சேருவது மெலிந்துவிடும். எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு கம்பமாக நடந்தால் சீசனே முடிந்துவிடும்.

அதற்காகத்தான் உட்கார்ந்த இடத்தில் இருந்தே பழுதைக் கண்டுபிடிக்கும் முறைகள் வந்தன. 1833-ல் சாமுவேல் கிறிஸ்டி சொல்லி, 1843-ல் வீட்ஸ்டன் பிரபலமாக்கிய மின்தடைப் பாலம் பிளஸ் டூ இயற்பியலில் எல்லோரும் பார்த்ததுதான். இதை வைத்து 'மர்ரே வளையம்' என்று ஒரு சோதனை. பழுதான கம்பியையும் நல்ல கம்பி ஒன்றையும் தூரமுனையில் சேர்த்துக் கட்டி வளையமாக்குவார்கள். இந்த முனையில் பாலத்தைச் சமன் செய்தால், இரண்டு தடைகளின் விகிதத்தில் இருந்து பழுது எத்தனையாவது மைலில் என்று கணக்குப் போட்டுவிடலாம். பேப்பர், பென்சில், பெருக்கல், வகுத்தல். லைன்மேன் நேராக அந்தக் கம்பத்துக்குப் போய் ஏறுவார்.

இன்னொரு கருவி மெக்கர். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே இருக்கும் சின்ன ஜெனரேட்டர் நூற்றுக்கணக்கான வோல்ட் கொடுக்கும், முள் இன்சுலேஷனின் தடையைக் காட்டும். இங்கிலாந்தின் எவர்ஷெட் கம்பெனி அந்தப் பெயரைப் பதிவு செய்ததும் 1903-ல்தான், அதாவது தென்காசிக்கு ரயில் வந்த அதே வருடம். இன்றைக்கும் எலக்ட்ரீஷியன்கள் 'மெக்கர் போட்டுப் பாரு' என்கிறார்கள். கம்பெனிப் பெயர் வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெக்கர் சொல்வது வெறும் எண்தான். 'இது நல்ல லைன்', 'இது மோசம்' என்று அது சொல்லாது. தீர்ப்பு லைன்மேனின் தலைக்குள்ளும் துறை கொடுத்த கையேட்டிலும் இருந்தது. அடைமழை நாளில் முள் கீழே இறங்கினால் 'சீசன் டைம், இது சகஜம்' என்று அவருக்குத் தெரியும். கையேட்டில் விதி மாறினால் கையேட்டைத்தான் மாற்ற வேண்டும், மெக்கரை யாரும் தொட வேண்டியதில்லை. நூறு வருடத்துக்கு முந்தைய மெக்கரும் ஒழுங்காகப் பராமரித்தால் இன்றும் சரியான எண்ணைத்தான் காட்டும்.

எட்டு விளக்கு செய்யும் ஏமாற்று

தந்தி போய் டெலிபோன் வந்து, டெலிபோன் கம்பியின் சாயலிலேயே கம்ப்யூட்டர் கேபிளும் வந்தது. தடித்த கோஆக்ஸியல் கேபிளில் ஓடிக்கொண்டிருந்த ஈதர்நெட்டை, இரண்டிரண்டாக முறுக்கிய மெல்லிய செப்புக் கம்பிகளில் ஓட வைக்கும் தரம் 1990-ல் வெளியானது. அடுத்த ஆண்டே கட்டடங்களுக்குள் கேபிள் எப்படி இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் டிஐஏ, இஐஏ அமைப்புகள் 568 என்ற எண்ணில் ஒரு தரம் வெளியிட்டன. கேட் 3, கேட் 5 என்று நாம் சொல்லும் பெயர்கள் எல்லாம் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்.

2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சிறுநகரங்களில் பிரவுசிங் சென்டர்கள் வந்தபோது இந்த நீல நிறக் கேபிளும் கூடவே வந்தது. 2005-ல் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்தபின் லாட்ஜ், பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று எல்லா இடத்திலும் கேபிள். இழுப்பவர்கள் கையில் ஒரு கிரிம்பிங் டூலும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எட்டு விளக்கு டெஸ்டரும் இருக்கும். 1 முதல் 8 வரை விளக்கு வரிசையாக எரிந்தால் 'கேபிள் ஓகே சார்'.

அந்த டெஸ்டரில் ஃபர்ம்வேர் அப்டேட்டும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அது சொல்வதும் ஒன்றே ஒன்றுதான்: இந்த முனையில் இருந்து அந்த முனை வரை கம்பி அறுபடாமல் இருக்கிறது.

இதில் என்ன ஆபத்து? எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு ஜோடியில் ஒரு கம்பி போகிற சிக்னலையும் மற்றது அதன் நேர்எதிர் வடிவத்தையும் சுமக்கும். முறுக்கி இருப்பதால் வெளித்தொல்லை இரண்டிலும் சமமாக விழுந்து கடைசியில் கழிந்துவிடும். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை என்று நிறத்தை அப்படியே வரிசையாக வைத்து இரண்டு முனையிலும் ஒரே மாதிரி கிரிம்ப் செய்துவிட்டால் எட்டு விளக்கும் அழகாக எரியும். ஆனால் 3-ஆம் முள்ளும் 6-ஆம் முள்ளும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும் என்பது விதி. இங்கே ஒரு ஜோடியின் கம்பி வேறு ஜோடியின் கம்பியோடு சேர்ந்து வேலை பார்க்கிறது. முறுக்கலின் பலன் போச்சு. ஒரு ஜோடியின் பேச்சு அடுத்த ஜோடியில் கேட்கும். பழைய டெலிபோனில் அடுத்தவர் வீட்டுச் சண்டை கேட்குமே, அதே கதைதான். நெட் வரும், ஆனால் நொண்டும். காரணம் தெரியாமல் சுவிட்சை மாற்றுவார்கள், கம்ப்யூட்டரை ஃபார்மேட் அடிப்பார்கள். விளக்கோ 'எல்லாம் ஓகே' என்று சிரித்துக்கொண்டிருக்கும்.

தீர்ப்பு பெட்டிக்குள் போனது

கம்பி தொடர்ந்து இருந்தால் மட்டும் போதாது, கசிவும் இழப்பும் எவ்வளவு என்று அளக்க வேண்டும். அதை எப்படி அளப்பது, எவ்வளவு வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று 1995-ல் டிஐஏ 67-ஆம் எண் சுற்றறிக்கையில் சொன்னது. நான்கு விஷயங்கள்: இணைப்பு வரிசை, நீளம், சிக்னல் இழப்பு, அருகுமுனைக் கசிவு. கசிவுக்கும் இழப்புக்கும் ஒரே எண் வரம்பு கிடையாது. அதிர்வெண் ஏற ஏற வரம்பும் மாறும், வளைந்து போகும் ஒரு கோடு அது. 100 மெகாஹெர்ட்ஸ் வரை அந்தக் கோட்டை எங்கேயும் தாண்டாமல் இருந்தால்தான் பாஸ்.

அந்த வளைகோட்டை எந்த லைன்மேனும் தலைக்குள் வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே தீர்ப்பும் பெட்டிக்குள் போனது.

அதே 1995-ல் ஃப்ளூக் கம்பெனியின் டிஎஸ்பி-100 வந்தது. நம்ம ஊரில் டிஎஸ்பி என்றால் போலீஸ் அதிகாரி. இங்கே அதற்கு டிஜிட்டல் முறையில் சிக்னலைப் பகுத்துக் கணக்கிடுவது என்று பொருள். முந்தைய கருவிகள் ஒவ்வொரு அதிர்வெண்ணாக அனுப்பி அளந்தன. இது கேபிளுக்குள் குறுந்துடிப்புகளை அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவு செய்து, மற்றதை எல்லாம் கணக்குப் போட்டே கண்டுபிடித்தது. கருவி உண்மையில் பார்ப்பது ஒரு துடிப்பை. திரையில் நமக்குக் காட்டும் கசிவு, இழப்பு, தூரம் எல்லாம் மென்பொருள் போட்ட கணக்கின் விடை. கணக்கில் பிழை இருந்தாலும், வரம்புக் கோடு பழையதாக இருந்தாலும் தீர்ப்பு தப்பு.

ஃபர்ம்வேர் என்ற சொல்

1967-ல் ஆஷர் ஆப்ளர் என்பவர் 'டேட்டாமேஷன்' பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் உருவாக்கிய சொல் இது. ஹார்டுவேர் கெட்டி, சாஃப்ட்வேர் மென்மை, இரண்டுக்கும் நடுவில் இருப்பது 'ஃபர்ம்'. ஆரம்பத்தில் அந்த நடுப்பொருளை மாற்றுவது பெரும்பாடு. சிப் செய்யும்போதே பதித்துவிடுவார்கள், தப்பு என்றால் சிப்பைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

1971-ல் இன்டெல்லில் டோவ் ஃப்ரோமன் அழித்து எழுதக்கூடிய நினைவகத்தைக் கண்டுபிடித்தார். அந்தச் சிப்பின் முதுகில் சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். அழிக்க வேண்டும் என்றால் கழற்றி எடுத்துப் புறஊதா விளக்குக்கு அடியில் பல நிமிடம் காய வைக்க வேண்டும். வெயிலில் வற்றல் போடுகிற மாதிரி. கருவியைப் பிரித்து, சிப்பைப் பிடுங்கி, காய வைத்து, மறுபடி எழுதிச் சொருகுவது கேபிள் இழுப்பவர் ஏணிமேல் நின்றுகொண்டு செய்யும் வேலை இல்லை. சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினால்தான் உண்டு.

1984-ல் ஜப்பானின் தோஷிபாவைச் சேர்ந்த ஃபுஜியோ மசுவோகா ஃப்ளாஷ் நினைவகத்தை உலகுக்கு அறிவித்தார். கேமரா ஃப்ளாஷ் மாதிரி சட்டென்று அழிகிறதே என்று ஒரு சக ஊழியர் வைத்த பெயர் அது. இன்று பென் டிரைவில் இருப்பதும் அதன் வழிவந்ததுதான். கருவியைத் திறக்காமலே, ஒரு வயரைச் சொருகி உள்ளே இருப்பதை அழித்துப் புதிதாக எழுதலாம் என்றானது. ஃபர்ம்வேர் 'அப்டேட்' என்பது சாதாரண மனிதர் செய்யக்கூடிய வேலையானது அப்போதுதான். கேபிள் டெஸ்டர்களுக்கு இது சரியான நேரத்தில் வந்து சேர்ந்தது. ஏனென்றால் படிக்கல்கள் மாறத் தொடங்கியிருந்தன.

1999: பாஸான கேபிள் திரும்பப் பரீட்சை எழுதியது

100 மெகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடியில் இரண்டு ஜோடி போதும். 1999-ல் செப்புக் கம்பியில் ஜிகாபிட் தரம் வந்தபோது நான்கு ஜோடியும் ஒரே நேரத்தில், அதுவும் இரண்டு திசையிலும் பேசத் தொடங்கின. புதுத் தொல்லைகள் முளைத்தன. அனுப்பிய சிக்னலே எதிரொலித்துத் திரும்பி வந்து இடையூறு செய்யும். தூரமுனையிலும் கசிவு வரும். நான்கு ஜோடிகளுக்கும் முறுக்கல் வேறு வேறு என்பதால் ஒன்றில் போனது கொஞ்சம் முன்னால், இன்னொன்றில் போனது கொஞ்சம் பின்னால் வந்து சேரும்.

உலகம் முழுக்கச் சுவர்களுக்குள் 'பாஸ்' சான்றிதழோடு கேட் 5 கேபிள் கிடந்தது. அது ஜிகாபிட்டைத் தாங்குமா? யாருக்கும் தெரியாது, ஏனென்றால் இந்தப் புது விஷயங்களை அப்போது யாரும் பரீட்சையில் கேட்கவே இல்லை. அதே 1999-ல் டிஐஏ 95-ஆம் எண் சுற்றறிக்கையை வெளியிட்டது. பழைய கேபிளை எப்படித் திரும்பச் சோதிப்பது என்று சொல்வதுதான் அதன் வேலை. நேற்று 'பாஸ்' வாங்கிய கேபிள், ஒரு மில்லிமீட்டர் கூட அசையாமல், அப்டேட் செய்த டெஸ்டரில் 'ஃபெயில்' ஆகலாம்.

இது ஏமாற்றா? இல்லை. காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். இருப்புநிலைக் குறிப்பின் தலைப்பில் 'மார்ச் 31 அன்றுள்ளபடி' என்று போடுவார்களே, அதே மாதிரி டெஸ்டர் தரும் பாஸுக்கும் ஒரு தேதி உண்டு. இந்தத் தேதியில், இந்த விதிப்படி, இது சரி. அந்தத் தேதியை மறைத்துவிட்டுப் 'பாஸ் ஆச்சு சார்' என்று மட்டும் சொன்னால்தான் ஏமாற்று.

பணம் எங்கே வருகிறது என்றால், பெரிய கேபிள் கம்பெனிகள் 20, 25 ஆண்டு வாரண்டி தருகின்றன. அதற்கு ஒவ்வொரு இணைப்பின் டெஸ்ட் ரிப்போர்ட்டையும் சமர்ப்பிக்க வேண்டும். ஃப்ளூக்கின் டிடிஎக்ஸ் வகைக் கருவிகள் அச்சிடும் ரிப்போர்ட்டில் இரண்டு சின்ன வரிகள் இருக்கும்: மென்பொருள் பதிப்பு, வரம்புப் பதிப்பு. படிக்கல் எந்த வருடத்தது என்று சொல்வது இந்த இரண்டு வரிகள்தான். அளக்கும் கணக்கைத் தனியாகவும் தீர்ப்பு விதியைத் தனியாகவும் எண் போட்டுக் காட்டிய அந்த நேர்மை இந்தக் கதையில் மிகவும் பாராட்ட வேண்டிய இடம்.

கேட் 6 விஷயத்தில் குழப்பம் இன்னும் வேடிக்கை. தரம் 2002 ஜூனில்தான் முடிவானது. அதற்கு முன்பே கேட் 6 என்ற பெயரில் கேபிள் விற்க ஆரம்பித்துவிட்டார்கள். வரைவு விதிகளை வைத்தே டெஸ்டர்களும் பாஸ் போட்டன. வரைவு மாறினால் வரம்பு மாறும், அப்டேட் வரும், கரையில் நின்ற கேபிள்கள் அந்தப் பக்கம் விழும். அளவு வரம்புக் கோட்டுக்கு மிக நெருக்கமாக, கருவியின் துல்லியத்துக்குள்ளேயே இருந்தால் முடிவுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியும் போடுவார்கள். 'பாஸ்தான், ஆனா சத்தியம் பண்ண முடியாது' என்று அதற்கு அர்த்தம்.

அப்டேட் போடும் சடங்கு

வேலை சின்னதுதான். தயாரிப்பாளரின் தளத்தில் இருந்து புதுக் கோப்பை லேப்டாப்பில் இறக்க வேண்டும். ஆரம்பத்தில் சீரியல் வயர், பிறகு யுஎஸ்பி. 2010-களின் நடுவில் இருந்து சில கருவிகள் நெட் வழியாகவே இறக்கிக்கொள்கின்றன. உள்ளே சேமித்திருக்கும் ரிப்போர்ட்களை முதலில் வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும். கருவி இரண்டு பெட்டி என்பதால் இரண்டிலும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் புதுப்பித்துவிட்டு மற்றதை மறந்தால் இரண்டும் ஒன்றோடொன்று சரியாகப் பேசாது. பல கருவிகளில் முதல் பெட்டியே இரண்டாவது பெட்டிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிடும்.

எல்லாக் கையேடுகளிலும் அழுத்திச் சொல்லும் ஒரு வரி உண்டு: பேட்டரியை நம்பாதே, அடாப்டரைச் சொருகு. பழையதை அழித்து முடித்து, புதியது பாதி எழுதிய நேரத்தில் கரண்ட் போனால் கருவிக்குள் இருப்பது பாதி மூளை. ஆன் ஆகாது. செங்கல்லுக்கும் அதற்கும் விலையில் மட்டும்தான் வித்தியாசம். இதற்காகவே பிற்காலத்துக் கருவிகளில் அழியாத சின்ன மூலநிரல் ஒன்றைத் தனியாக வைத்தார்கள். எல்லாம் போனாலும் அது மட்டும் எழுந்து 'இன்னொரு முறை அனுப்பு' என்று கேட்கும். அமெரிக்காவில் உட்கார்ந்து கையேடு எழுதியவருக்குத் தமிழ்நாட்டின் 2012 ஞாபகத்தில் இருந்திருக்காது. சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்த காலம் அது. சுவரில் அடாப்டரைச் சொருகுவதை விட முழுதாக சார்ஜ் ஏறிய பேட்டரியும் யுபிஎஸ்ஸும் சேர்ந்திருப்பதே இங்கே பாதுகாப்பு.

அப்டேட்டையும் காலிபரேஷனையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. காலிபரேஷன் என்பது ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ் சென்டரில் நடக்கும் முத்திரை வேலை, தராசு சரியாக ஆடுகிறதா என்று பார்ப்பது. அப்டேட் என்பது படிக்கல்லை மாற்றுவது. ஒன்று செய்தால் மற்றது வேண்டாம் என்று ஆகாது.

அப்டேட்டால் முடியாததும் உண்டு. 2008-ல் கேட் 6ஏ தரம் 500 மெகாஹெர்ட்ஸ் வரை அளக்கச் சொன்னது. 2004-ல் வந்த டிடிஎக்ஸ்-1800 கருவி 900 வரை அளக்கும் திறனோடு பிறந்தது, ஆகவே புது விதியை ஃபர்ம்வேராகப் போட்டதும் தயார். அதற்கு முந்தைய டிஎஸ்பி-4000 வரிசைக் கருவிகளின் எல்லை 350. எத்தனை அப்டேட் போட்டாலும் இல்லாத காதால் கேட்க முடியாது. கணக்குப் பதிவியலில் தேய்மானத்துக்கான காரணங்களில் ஒன்றாகப் 'பழசாகிப் போதல்' என்று படிப்போமே, அதற்கு இதை விட நல்ல உதாரணம் கிடைக்காது. கீறல் கூட விழாத கருவி, மதிப்பு மட்டும் இல்லை.

குற்றாலத்துக்கு வந்தால்

இதெல்லாம் பெங்களூர் ஐடி பார்க் சமாச்சாரம், நமக்கென்ன என்று தோன்றலாம். லாட்ஜ் வராந்தாவில் இருக்கும் சிசிடிவி கேமராவைப் பாருங்கள். அதற்குத் தனியாகக் கரண்ட் வயர் இல்லை. நெட்வொர்க் கேபிளே மின்சாரத்தையும் கொண்டுபோகிறது. 2003-ல் 15.4 வாட்டில் தொடங்கிய இந்த ஏற்பாடு 2018-ல் வந்த தரத்தில் 90 வாட் வரை போய்விட்டது.

கடையில் இரண்டு விலையில் கேபிள் கிடைக்கும். மலிவானது பெரும்பாலும் சுத்தச் செம்பு அல்ல, அலுமினியத்தின் மேல் செம்பு முலாம். உயர் அதிர்வெண் சிக்னல் கம்பியின் தோலில்தான் ஓடும். தோல் செம்பு என்பதால் கசிவு, இழப்புச் சோதனைகளில் இது பல நேரம் தப்பித்துவிடும். ஆனால் கேமராவுக்குப் போகும் நேர்மின்சாரம் முழுக் கம்பியிலும் ஓடும். அங்கே அலுமினியம் காட்டிக்கொடுக்கும், தடை சுமார் ஒன்றரை மடங்கு. நீளமான இணைப்பில் கேமரா இரவில் அகச்சிவப்பு விளக்கைப் போட்டதும் வோல்டேஜ் இறங்கித் தானே அணைந்து எரியும். போதாக்குறைக்குச் சாரல் ஈரம் ஜாக்கின் முட்களில் பச்சை பூக்க வைக்கும்.

எட்டு விளக்கு டெஸ்டர் இந்தக் கேபிளுக்கு ஓகே சொல்லும். டிஐஏவின் கள சோதனைப் பட்டியலிலும் மின்தடை நெடுங்காலம் கட்டாயமாக இல்லை. 2016-ல் விதி திருத்தப்பட்டபோதுதான் மின்தடை சார்ந்த அளவுகளுக்கு அங்கே இடம் வந்தது. சர்வதேச ஐஎஸ்ஓ விதியைத் தேர்ந்தெடுத்தால் முன்பிருந்தே கேட்கும். ஒரே கேபிள், ஒரே கருவி. மெனுவில் எந்த விதியைத் தேர்ந்தெடுத்தோம், அதன் பதிப்பு எது என்பதைப் பொறுத்துத் தீர்ப்பு மாறலாம். மெக்கர் காலத்து லைன்மேன் இதைக் கேட்டால் சிரித்திருப்பார். அல்லது 'நான் தலைக்குள் வைத்திருந்ததைத்தானே பெட்டிக்குள் வைத்திருக்கிறீர்கள்' என்று சொல்லியிருப்பார்.

தென்காசிப் பக்கம் இன்னொரு பொருத்தமும் உண்டு. 1996-ல் ஸ்ரீதர் வேம்புவும் டோனி தாமஸும் சேர்ந்து தொடங்கிய அட்வென்ட்நெட் கம்பெனியின் முதல் தொழிலே நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள்தான். ரவுட்டர், சுவிட்ச் போன்ற கருவிகளைத் தூரத்தில் இருந்தே நலம் விசாரிக்கும் எஸ்என்எம்பி என்ற நெறிமுறைக்கான கருவிகளை அவர்கள் விற்றார்கள். 2009-ல் அதன் பெயர் ஜோஹோ ஆனது. 2011-ல் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அலுவலகம் போட்டார்கள். அந்த நிறுவனத்தின் நெட்வொர்க் மென்பொருள்களில் ஒன்று இன்று நூற்றுக்கணக்கான ரவுட்டர்களுக்கு ஒரே இடத்தில் இருந்து ஃபர்ம்வேர் அனுப்புகிறது. யாரும் ஏணி ஏற வேண்டியதில்லை.

கேபிள் மட்டும் அப்படி இல்லை. அதற்கு மூளை கிடையாது, தூரத்தில் இருந்து நலம் விசாரித்தால் ஓரளவுக்கு மேல் பதில் சொல்லத் தெரியாது. யாராவது ஒருவர் இரண்டு முனைக்கும் பெட்டியோடு போக வேண்டும். 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமானது. தமிழ்நாட்டின் ஊராட்சிகளுக்கு இணையம் கொண்டுபோகும் பாரத்நெட் வேலையை டான்ஃபினெட் நிறுவனம் செய்கிறது. அந்தக் கண்ணாடி இழைக்கு இடியும் ஈரமும் செம்புக்குச் செய்கிற அளவு தொல்லை செய்யாது. ஆனால் இழை எங்கே ஒடிந்தது என்று பார்க்கும் ஓடிடிஆர் கருவி, ஒளித்துடிப்பை அனுப்பித் திரும்பி வருவதில் இருந்து கிலோமீட்டர் கணக்குச் சொல்கிறது. மர்ரே வளையம் செய்த அதே வேலை. அதற்குள்ளும் ஃபர்ம்வேர் இருக்கிறது, அதற்கும் அப்டேட் வருகிறது. அதிலும் பாஸ் வரம்பைப் பல நேரம் சோதிப்பவரே கையால் உள்ளிடுகிறார்.